கேமராவில் விழாதது நடக்கவே இல்லையா?

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, காபி டம்ளரோடு தோட்டத்துப் பக்கம் போனேன். எங்கள் அவரைக்கொடியில் பாதியைக் காணோம். கத்தரிச் செடிகளில் மேல் கொழுந்து எல்லாம் போய் வெறும் தண்டு நின்றது. மண்ணில் ஏதோ புரண்ட மாதிரி கலைந்து கிடந்தது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவுக்கு வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது எங்கள் வீடு. பின்பக்கம் புல்வெளி, அதைத் தாண்டினால் ஒரு சின்னக் காடு. இங்கே பனி விலகி மண்ணில் விதை போட மே மாதம் நடுப்பகுதி ஆகிவிடும். அக்டோபரில் மறுபடி உறைபனி. நடுவில் கிடைக்கிற ஐந்து மாதத்தில்தான் அவரை, கத்தரி, பாகல், புடலை எல்லாம். அந்த அவரை விதைகூட தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் ஒரு அக்கா டிஷ்யூ பேப்பரில் மடித்துக் கொடுத்தது. வெளிநாட்டில் தோட்டம் போடும் தமிழர்களுக்கு அந்த வருத்தம் சொல்லாமலே புரியும்.

என் வேலை சர்வர்களைக் கண்காணிப்பது. எங்காவது ஏதாவது விழுந்தால் முதலில் லாக் எடுத்துப் பார்ப்பேன். அந்தப் பழக்கத்தில் அன்று மாலையே ஒரு டிரெயில் கேமரா ஆர்டர் செய்தேன். மரத்தில் கட்டிவிட்டால், மிருகம் கடக்கும்போது தானே விழித்துப் படம் எடுத்துக்கொள்ளும் கேமரா. மான் வேட்டைக்குப் போகிறவர்கள் சீசனுக்கு முன்னால் காட்டில் கட்டி, எந்த மான் எந்த வழியில் எத்தனை மணிக்கு வருகிறது என்று வேவு பார்க்கப் பயன்படுத்துவது. விலை சுமார் அறுபது டாலர். பெட்டியின் மேலே பெரிய எழுத்தில் 36 மெகாபிக்சல், 0.2 விநாடியில் படம், 100 அடி தூரம் என்று போட்டிருந்தது.

ஒன்பது நாளில் நான்கு படங்கள் வந்தன. நான்கிலும் பக்கத்து வீட்டு லாப்ரடார் நாய். ஒன்றில் அது எங்கள் தோட்டத்தின் சின்னக் கம்பி வலையைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தது. கீழே தேதி, நேரம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"என்னங்க, நாய் மிதிக்கும், தோண்டும். இப்படியா கத்தரிக்கோலால வெட்டின மாதிரி திங்கும்?" என்று மனைவி கேட்டாள். எட்டு வயது மகள் இன்னும் நேராகவே சொன்னாள்: "அப்பா, டாகி வெஜிடபிள் சாப்பிடாதுப்பா." நான் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். படம் இருக்கும்போது வாதம் எதற்கு?

பக்கத்து வீட்டில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் தனியாக இருக்கிறார். ரிட்டயர்ட் ஆனவர். எங்கள் வாசலிலிருந்து அவர் வாசலுக்கு முப்பது எட்டு. நான் அந்த முப்பது எட்டு நடக்கவில்லை. ஆபீசில் இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதுகிற மாதிரியே ஒரு மெசேஜ் அடித்தேன். "உங்கள் நாய் எங்கள் தோட்டத்துக்குள் வந்து செடிகளை நாசம் செய்கிறது. தேதி, நேரத்தோடு நான்கு படங்கள் இணைத்துள்ளேன்." பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "மன்னிக்கவும். இனி வராது."

மறுநாள் முதல் அந்த நாய் அவர் வீட்டு டெக்கில் சங்கிலியில் கிடந்தது. பள்ளி விடுமுறையில் தினமும் அதோடு விளையாடிக்கொண்டிருந்த என் மகள், ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விடுவாள்.

நாயைக் கட்டிப்போட்ட ஐந்தாவது நாள், மீதி இருந்த அவரைக்கொடி முழுவதும் போய்விட்டது. கத்தரியும் போச்சு. கேமராவில் ஒரு படம்கூட இல்லை.

அப்பா கேட்ட கேள்வி

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வாட்ஸ்அப் கால். தென்காசி மாவட்டத்தில் கடையம் பக்கம் எங்கள் ஊர். மலையடிவாரம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் கூப்பிடு தூரம் என்பதால், காட்டுப்பன்றி வயலில் இறங்குவது எங்களுக்குப் புதிதில்லை. நான் கதையை எல்லாம் சொல்லி முடித்தேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நாய் எங்கயாவது அவரக் கொழுந்தத் திங்குமாலே? தடம் பாத்தியா? கடிச்ச எடத்தப் பாத்தியா?"

"படம் இருந்துச்சுப்பா..."

"படத்த விடு. செடி சொல்லும்லா."

போனை வைத்துவிட்டு முதல் தடவையாகச் செடிகளின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தேன். கீழ்த் தண்டுகள் சாய்வாகப் பிளேடால் சீவினது போல இருந்தன. மேலே, இடுப்பு உயரத்தில் இருந்த இலைகள் பிய்த்து இழுத்தது போல நார் நாராகத் தொங்கின. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, அதனால் அது கடித்து வெட்டாது, கவ்விப் பிய்க்கும். முயல், அணில் மாதிரிக் கொறிக்கிற பிராணிகள் சுத்தமாக வெட்டும். அப்படியென்றால் இரண்டு ஆசாமிகள் வந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் என் கேமராவில் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆபீசில் ஜூனியர் பசங்களுக்கு நானே சொல்கிற பாடம் இது. லாக்ல எரர் இல்லன்னா சிஸ்டம் நல்லா இருக்குன்னு அர்த்தமில்ல. லாக் எழுதுறவனே தூங்கிட்டு இருக்கலாம். முதலில் கண்காணிக்கிற கருவியைச் சோதி. அறுபது டாலர் கேமராவை நான் ஒரு நிமிடம்கூடச் சோதிக்கவில்லை. பெட்டியில் எழுதியிருந்ததை நம்பிக் கட்டிவிட்டேன்.

மகள் தவழ்ந்த பரிசோதனை

இந்தக் கேமரா எப்போதும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பதில்லை. பேட்டரி மிச்சமாக வேண்டும் என்பதால் தூங்கிக்கொண்டேதான் இருக்கும். அதை எழுப்புவது முன்னால் இருக்கும் பிஐஆர் சென்சார். அது பார்ப்பது வெளிச்சத்தை இல்லை, வெப்பத்தை. பின்னணியின் வெப்பத்திலிருந்து வேறுபட்ட ஒன்று குறுக்கே நகர்ந்தால் அது விழித்து கேமராவைத் தட்டும். ஆபீஸ் மீட்டிங் ரூமில் தனியாக உட்கார்ந்து கோட் அடிக்கும்போது விளக்கு பொசுக்கென்று அணைந்துபோய், கையை ஆட்டினதும் எரியுமே, அங்கேயும் பெரும்பாலும் இதே வகை சென்சார்தான். நாம் அங்கேயே இருப்போம். அதற்கு மட்டும் நாம் இல்லை.

சனிக்கிழமை புல்வெளியில் கயிறு கட்டி 2, 3, 6, 9, 15 மீட்டருக்குக் குச்சி நட்டேன். ஒவ்வொரு தூரத்திலும் குறுக்கே பத்துத் தடவை நடந்தேன். மூன்று மீட்டரில் பத்துக்குப் பத்து. ஒன்பதில் எட்டு. பதினைந்தில் பாதிக்குப் பாதி. குறுக்கே நடப்பதற்குப் பதிலாக கேமராவை நோக்கி நேராக நடந்தால் எண்ணிக்கை இன்னும் விழுந்தது. சென்சாரின் பார்வை வரிசையாகப் பிரித்த துண்டுகள் மாதிரி. ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு வெப்பம் தாவினால்தான் அதற்கு உறுத்தும். நேராக வருகிறவன் ஒரே துண்டுக்குள் நின்று வளர்கிறான், அவ்வளவுதான்.

அடுத்தது முக்கியமான சோதனை. திருடன் நின்று நடக்கிறவன் இல்லையே! மகளிடம் சொன்னேன், "நீ தவழ்ந்து போகணும்." அவளுக்கு ஒரே குஷி. செடிகள் இருந்த அதே இரண்டு மீட்டர் தூரத்தில், கேமராவை நான் முதலில் கட்டியிருந்த அதே நாலடி உயரத்தில் வைத்துச் சோதித்தோம். பத்துத் தடவை தவழ்ந்தாள். மூன்று படம் விழுந்தது. அதில் இரண்டில் அவள் ஷூ மட்டும்.

காரணம் எளிது. நாலடி உயரத்தில் நேராகப் பார்க்கும் கேமராவுக்கு, இரண்டு மீட்டர் தள்ளித் தரையோடு போகிற ஜீவன் பார்வைக்குக் கீழே போய்விடுகிறது. உயரமான லாப்ரடார் மட்டும் சிக்குகிறது. கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கிக் கட்டினேன். பத்துக்கு ஒன்பது விழுந்தது.

0.2 விநாடி கதையும் பார்த்தேன். தரையில் அரை மீட்டருக்கு ஒரு கோடு போட்டுச் சீராக ஓடினேன். நடுக்கோட்டில் இருக்க வேண்டிய நான், படத்தில் ஓரத்தில் முதுகு காட்டிக்கொண்டிருந்தேன். என் கணக்கில் விழித்துப் படம் எடுக்க ஒரு விநாடி பக்கம் ஆகிறது. வேகமாக ஓடுகிற பிராணி அந்த ஒரு விநாடியில் படத்தை விட்டே வெளியே போய்விடும். பின்னால் துரத்தி வருவதுதான் படத்தில் இருக்கும். இந்த வரியை நோட்டில் எழுதும்போதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

கடைசியாக மெனுவைத் திறந்தேன். ஒரு படம் எடுத்த பிறகு அடுத்த படத்துக்கு எவ்வளவு இடைவெளி என்று ஒரு செட்டிங். பெட்டியிலிருந்து எடுத்தபோதே ஒரு நிமிடம் என்று இருந்திருக்கிறது. நான் தொடவே இல்லை. அதாவது நாயைப் படம் எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் அறுபது விநாடி கேமரா தூங்கியிருக்கிறது.

வெயிலும் ஒரு காரணம். ஜூலை மதியம் 34 டிகிரி அடிக்கும்போது, மண்ணும் வேலியும் பிராணியின் ரோமத்தின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். வேறுபாடு இல்லையென்றால் பிஐஆர் சென்சாருக்குக் கண் தெரியாது. குளிர்காலத்தில் சக்கைப்போடு போடுகிற அதே கேமரா கோடையில் கோட்டை விடும். அதோடு நான் அதைக் கிழக்குப் பார்த்து மாட்டியிருந்தேன். காலை வெயில் லென்ஸில் நேராக அடித்தது.

அந்த ஏழு மணி பத்து நிமிடம்

முழங்கால் உயரம், வடக்குப் பார்த்து, இடைவெளி மிகக் குறைவு, ஒரு தடவைக்கு மூன்று படம். முன்னால் ஆடிக்கொண்டிருந்த புல்லையும் வெட்டிவிட்டேன். இரண்டாம் நாளே பதில் கிடைத்தது.

காலை 7:10. கத்தரிப் பாத்தியில் ஒரு கிரவுண்ட்ஹாக். பெருச்சாளியை ஐந்து மடங்கு ஊதினால் எப்படி இருக்கும், அப்படி. பிப்ரவரி 2ஆம் தேதி பங்சுடானி என்கிற பென்சில்வேனியா ஊரில், நிழலைப் பார்த்து வசந்தம் எப்போது என்று சொல்வதாக டிவியில் காட்டுவார்களே, அதே இனம்தான். வளை தோண்டி வாழ்வது, குளிர்காலம் முழுக்கத் தூங்குவது, பகலில் மேய்வது. முன்னங்காலைத் தூக்கி நின்றுகொண்டு, வாயில் நீட்டமாகத் தண்டோடு என்னையே பார்ப்பது போல இருந்தது.

இரவு 2:40. ஒரு பெண் மான். பக்கத்தில் முதுகில் வெள்ளைப் புள்ளிகளோடு குட்டி.

பழைய நான்கு படங்களையும் மறுபடி கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். நாய் செடியைப் பார்க்கவில்லை. நான்கிலும் தலையைத் தாழ்த்தி வேலியின் ஒரே மூலையைப் பார்த்து ஓடியிருக்கிறது. அந்த மூலையில் போய்ப் பார்த்தேன். வலைக்குக் கீழே ஒரு பள்ளம், உள்ளங்கை அகலம். கிரவுண்ட்ஹாக் நுழைகிற வழி.

நாய் எங்கள் தோட்டத்தை அழிக்கவில்லை. தினமும் வந்து அதைக் காவல் காத்திருக்கிறது. காவல்காரனைக் கட்டிப்போட வைத்தவன் நான். தோட்டம் ஐந்தே நாளில் மொட்டையானதற்குக் காரணமும் அதுதான்.

முப்பது எட்டு

இந்த முறை மெசேஜ் அனுப்பவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பெரியவர் டெக்கில் நாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதலில் மன்னிப்புக் கேட்டேன், பிறகு படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என் ஷெட்டுக்குக் கீழே குடியிருக்கிறவன் இவன். இரண்டு வருடமாக இருக்கிறான்."

"உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா? அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீ கேட்கவில்லை. படம் அனுப்பினாய்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. சங்கிலியை அவிழ்த்துவிட்டார். நாய் நேராக என் மகளிடம் ஓடியது.

பிறகுதான் தெரிந்தது, அவர் வில் அம்பு வைத்து மான் வேட்டைக்குப் போகிறவர். இங்கே அதற்கு லைசென்ஸ், தனி சீசன் எல்லாம் உண்டு. டிரெயில் கேமராவில் பிலிம் ரோல் போட்ட காலத்திலிருந்து பயன்படுத்துகிறாராம். 36 பிரேமும் ஆடின கிளையைப் படம் எடுத்துத் தீர்ந்துபோய், கடையில் காசு கொடுத்துக் கழுவிப் பார்த்த அனுபவம் இருப்பவர். என் கேமரா கட்டியிருந்த உயரத்தைக் கேட்டதும் சிரித்தார். "அது மானுக்குக் கட்டுகிற உயரம். நீ மான் வேட்டைக்காரன் மாதிரி கட்டிவிட்டு முயலைத் தேடியிருக்கிறாய்."

அன்றைக்கு அவரிடம் கற்றதையும், என் சோதனையில் தெரிந்ததையும் சேர்த்து, உங்களில் யாராவது வாங்கப்போகிறீர்கள் என்றால் உதவும் என்று சொல்கிறேன்.

மெகாபிக்சலைப் பார்த்து வாங்காதீர்கள். மலிவுக் கேமராக்களில் அந்தப் பெரிய எண் பெரும்பாலும் மென்பொருள் ஊதிப் பெருக்கிய எண். என் கேமராவில் 36லும் எடுத்தேன், 8லும் எடுத்தேன். நாயின் முகத்தில் ஒரு ரோமம்கூட அதிகமாகத் தெரியவில்லை. கார்டுதான் சீக்கிரம் நிறைந்தது. விழிக்கிற வேகம், ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் ஆகிற நேரம், எந்தத் தூரம் வரை எழும் என்ற மூன்றும்தான் முக்கியம். மூன்றையும் உங்கள் வீட்டுப் புல்வெளியில் நீங்களே அளந்துவிடலாம்.

இரவுப் படத்துக்கு இரண்டு வகை அகச்சிவப்பு விளக்குகள் வருகின்றன. 850 நானோமீட்டர் வகை தூரம் வரை பாயும், ஆனால் எரியும்போது மங்கலாகச் சிவப்புப் புள்ளி தெரியும். 940 வகை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வெளிச்சம் குறைவு, தூரமும் குறைவு. திருடு போகும் என்ற பயம் இருக்கிற இடத்துக்கு இரண்டாவது. தோட்டத்துக்கு முதலாவதே போதும்.

பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதா ஆல்கலைனில் தீரத் தீர வோல்டேஜ் இறங்கி, இரவு விளக்கு மங்கிக்கொண்டே போகும். குளிர் வந்தால் இன்னும் மோசம். லித்தியம் ஏஏ விலை அதிகம், ஆனால் கடைசி வரை ஒரே மாதிரி கொடுக்கும். பேட்டரி மாற்றினதும் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கார்டை அந்தக் கேமராவிலேயே பார்மேட் செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். என்னுடைய முதல் படங்களின் ஓரத்தில் பெரியவர் வீட்டு டெக் தெரிந்தது. ஒன்பது நாள் அவர் அங்கே உட்கார்ந்து சிகரெட் பிடித்ததை நான் அனுமதி இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதை அவரும் அந்தப் படங்களில் பார்த்திருப்பார். ஒன்றும் சொல்லவில்லை.

படம் பிடிக்காத புலிகள்

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு இந்தக் கேமராக்களின் கதையைத் தேடிப் படித்தேன். இரவில் காட்டு மிருகங்களைத் தாமாகவே படம் எடுத்துக்கொள்ள வைத்த முன்னோடிகளில் ஒருவர் ஜார்ஜ் ஷைரஸ். எங்கள் பென்சில்வேனியாக்காரர்தான், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். கம்பியில் மான் கால் பட்டதும் பிளாஷ் வெடிக்கிற மாதிரி அமைத்தார். அவருடைய படங்களை நேஷனல் ஜியாக்ரபிக் 1906 ஜூலை இதழில் வெளியிட்டது. இந்தியாவில் வனத்துறை அதிகாரியாக இருந்த எப்.டபிள்யூ. சாம்பியன் 1920களில் இதே வழியில் புலிகளைப் படம் பிடித்தார். பிறகு 1990களில் கர்நாடகாவின் நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த், கேமராவில் விழுந்த வரிகளை வைத்துப் புலிகளை எண்ணும் முறையைக் கொண்டுவந்தார். புலிக்குப் புலி வரி மாறும். ஒரே புலிக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட வேறு. அதனால் ஒரு இடத்தில் எதிரெதிராக இரண்டு கேமராக்கள் கட்டுவார்கள்.

2018ஆம் ஆண்டு இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. சுமார் 3 கோடியே 48 லட்சம் படங்கள். அதில் புலிப் படங்கள் 76,651. உலகிலேயே மிகப்பெரிய கேமரா கணக்கெடுப்பு என்று கின்னஸ் சாதனையும் ஆனது. அத்தனை படங்களிலும் தனித்தனியாக அடையாளம் காணப்பட்ட புலிகள் 2,461. ஆனால் அறிவிக்கப்பட்ட மதிப்பீடு 2,967. அந்த வித்தியாசம்தான் எனக்குப் பிடித்தது. படத்தில் விழாத புலிகளும் காட்டில் இருக்கின்றன என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். இருபத்தாறாயிரம் இடங்களில் கேமரா வைத்தவர்களுக்கு இருக்கிற அடக்கம், வேலிக்கம்பத்தில் ஒன்றே ஒன்று கட்டின எனக்கு இல்லை.

நானும் ஒரு படத்தில் இருந்தேன்

இதை ஏன் தோட்டக் குறிப்பாக எழுதாமல் கருத்துப் பகுதிக்கு எழுதுகிறேன் என்றால், எனக்கு இன்னொரு படம் நினைவுக்கு வந்ததால்தான்.

இரண்டு வருடம் முன்பு நவராத்திரி. ஒரு நண்பர் வீட்டுக் கொலுவுக்குப் போனேன். புதுக் குடியிருப்பு, எல்லா வீடும் ஒரே அச்சு, இருட்டு. நம்பர் தெரியாமல் இரண்டு மூன்று வீட்டு வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மறுநாள் நண்பர் ஒரு கிளிப் அனுப்பினார். அவர்கள் தெருக்காரர்கள் குழுவில் யாரோ வாசல் கேமராவில் பதிவானதைப் போட்டிருந்தார்கள். "இந்த ஆளை யாருக்காவது தெரியுமா? வீடு வீடாக நோட்டம் பார்க்கிறான்." அதில் இருந்தது நான். ஜிப்பா போட்டு, கையில் பையோடு. பையில் இருந்தது தேங்காயும் வெற்றிலை பாக்கும் என்று அந்தக் கேமராவுக்கு எப்படித் தெரியும்? நண்பர் விளக்கம் சொன்னார், பதிவை எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே என்று பல நாள் மனைவியிடம் புலம்பியிருக்கிறேன்.

அதே நான்தான் பெரியவருக்கு நான்கு படங்களை அனுப்பினேன். கேட்காமல். அந்த நாய்க்குப் பேசத் தெரிந்திருந்தால் அதுவும் அதையேதான் சொல்லியிருக்கும்.

புலம்பெயர்ந்த நாட்டில் நமக்கு அக்கம்பக்கத்தாரோடு பேச்சு குறைவு. மொழித் தயக்கம், வேலைக் களைப்பு, எதற்கு வம்பு என்கிற எண்ணம். அந்த இடத்தில் கேமராவும் மெசேஜும் வசதியாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இங்கேயே பிறந்து வளர்கிற நம் பிள்ளைகளுக்கு வாசலில், தெருவில், பள்ளியில் எல்லா இடத்திலும் கேமரா சாதாரணம். படம் இருந்தால் உண்மை, இல்லையென்றால் பொய் என்றுதான் பழகுகிறார்கள். படம் பொய் சொல்லாது என்பது சரிதான். நாய் எங்கள் வேலியைத் தாண்டியது உண்மை. ஆனால் அது எதற்காகத் தாண்டியது என்பது அந்தப் படத்துக்கு ஒரு விநாடி முன்னால் நடந்த விஷயம். அந்த ஒரு விநாடியை யாரிடமாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும், அல்லது மண்ணைப் பார்த்து.

இந்த வருடம் எங்களுக்கு அவரைக்காய் கிடையாது. ஜூலைக்குப் பிறகு மறுபடி விதைத்தால் பூ எடுப்பதற்குள் உறைபனி வந்துவிடும். கத்தரி மட்டும் தூரில் இருந்து துளிர்த்து நாலு காய் காய்த்தது. வேலியின் கம்பி வலையை ஒரு அடி ஆழம் புதைத்து, அடியில் வெளிப்பக்கமாக மடித்துவிட்டிருக்கிறோம். தோண்டி வருகிற கிரவுண்ட்ஹாக் அங்கே முட்டிக்கொண்டு திரும்பிவிடும். வேலை செய்தது நானும் பெரியவரும். மானுக்கு எட்டடி வேலி வேண்டுமாம், அது அடுத்த வருடப் பட்ஜெட்.

அக்டோபரில் வில் வேட்டை சீசன் தொடங்குவதற்கு முன்பு, பெரியவர் காட்டில் கட்டியிருக்கும் மூன்று கேமராக்களின் கார்டுகளை என்னிடம் கொடுத்தார். கண் சரியாகத் தெரியவில்லை, நீ பார்த்துச் சொல் என்றார். இரண்டு மணி நேரம் பார்த்தோம். பாதிக்கு மேல் ஆடுகிற புல். ஒரு கொம்பு மான் ஆகஸ்டில் ஆறு தடவை வந்திருந்தது, செப்டம்பரில் ஒரு தடவைகூட இல்லை. "போய்விட்டதா?" என்று கேட்டேன். "கேமராவுக்கு முன்னால் வரவில்லை. அவ்வளவுதான் தெரியும்," என்றார். மறுநாள் காலை பூட்ஸ் போட்டுக்கொண்டு தடம் பார்க்கக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

அப்பாவிடம் சொன்னேன். "வெள்ளக்காரன் கூடத் தடம் பாக்கக் கத்துக்கிடுதியா? நல்லாருக்குலே," என்று சிரித்தார்.